கடையில் ஓடுகிறது, வீட்டில் நிற்கிறது

இந்தப் பத்திக்கு வரும் கேள்விகளில் மாதம் தவறாமல் ஒன்று இருக்கும். "மடிக்கணினியை மூன்று முறை பழுது பார்த்தாகிவிட்டது. கடையில் போட்டுக் காட்டினால் நன்றாக ஓடுகிறது. வீட்டுக்குக் கொண்டு வந்தால் நாலு நாளில் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?" சிலர் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். சிலர் பிராண்டைத் திட்டுகிறார்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், கடைசியில் திட்டு அந்தப் பிள்ளையின் தலையில் போய் விழுகிறது.

இந்தக் கேள்வி பாயான் பாருவிலிருந்தும் வருவதுதான் வேடிக்கை. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே வைத்தது. ஏஎம்டி, எச்பி, ஹிட்டாச்சி, பாஷ் என்று வரிசையாக வந்தன. அந்தத் தொழிற்சாலைகளை ஒட்டி எழுந்த ஊர்தான் பாயான் பாரு. ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்களில் எத்தனையோ பேருக்கு, ஒரு சிப் ஏன் கெடுகிறது, எந்தச் சூட்டில் கெடுகிறது என்று பார்ப்பதே வேலை. நானும் 18 ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். ஆனால் சொந்த மடிக்கணினி நின்றுபோனால், பட்டறையில் செய்கிற எதையும் வீட்டில் செய்வதில்லை. பையில் போட்டுக் கடைக்குக் கொண்டு போகிறோம். "ஆன் ஆக மாட்டேங்குது பாஸ்" என்று இரண்டு வார்த்தை சொல்கிறோம். அவ்வளவுதான்.

எங்கள் துறையில் "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" என்று ஒரு வார்த்தை உண்டு. பழுது என்று திரும்பி வந்த பொருளைச் சோதித்துப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. அனுபவமுள்ள யாரும் அதை "குறை இல்லை" என்று எடுத்துக்கொள்வதில்லை. குறை வெளிப்படுகிற நிலைமையை நாம் இன்னும் உண்டாக்கவில்லை என்றே பொருள். அதனால்தான் சிப்புகளைப் பெட்டிக்குள் வைத்து மைனஸ் 40 பாகையிலிருந்து 125 பாகை செல்சியஸ் வரை திரும்பத் திரும்பக் குளிரவும் சூடேறவும் விடுகிறோம். அறைச் சூட்டில் ஒழுங்காக இருக்கிற ஓர் இணைப்பு, அந்தச் சூட்டில் தன் விரிசலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழுதுபார்க்கும் கடையின் மேசை எப்படிப்பட்ட இடம்? ஏர்கோன் ஓடுகிறது. மேசை அசையாது. நல்ல சார்ஜர் செருகியிருக்கிறது. திறந்திருப்பது ஒரே ஒரு புரோகிராம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்க வேண்டும். உங்கள் வீட்டில் நிற்கிற மடிக்கணினி அங்கே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கே காரணம் இல்லை.

ஒரு குடும்பக் கதை

என் அக்கா மகள் கணக்கியல் படிக்கிறாள், கடைசி ஆண்டு. அவளுடைய மடிக்கணினி வாங்கி மூன்றரை ஆண்டு, விலை 2,400 வெள்ளி. ஒருநாள் திடீரென்று நின்று, மறுபடி போட்டபோது விண்டோஸ் எழும்பவில்லை. கடையில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள், 80 வெள்ளி. மூன்று வாரம் ஓடியது. திரும்ப நின்றது. இந்த முறை கோப்புகள் திறக்கவில்லை. "எஸ்எஸ்டி போய்விட்டது" என்று மாற்றினார்கள், 280 வெள்ளி. ஒரு மாதம் ஓடியது. மறுபடி நின்றது. ரேம் மாற்றினார்கள், 160 வெள்ளி. அதற்கடுத்த வாரம் ஒரு இணையத் தேர்வின் நடுவிலேயே திரை இருண்டுபோனது. நாலாவது முறை போனபோது, "மதர்போர்டுதான். 950 வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அதுவரை செலவழிந்தது 520 வெள்ளி. அத்தான் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்துக் கொடுத்த பணம். பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. "ராத்திரி பூரா படம் பார்த்தா எந்த மெஷின்தான் தாங்கும்?" என்று அவர் சொல்லிவிட்டார். மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா எனக்கு அடித்து, "தம்பி, நீ ஒரு தடவ பாரேன், வீட்டுல நிம்மதியே இல்ல" என்றார்.

நான் போய் எதையும் கழற்றவில்லை. அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். "நிக்கிற ஒவ்வொரு தடவையும் எழுதும்மா. நாள், நேரம், எங்கே உட்கார்ந்திருந்தே, சார்ஜர் செருகியிருந்துச்சா, பேட்டரி எத்தனை சதவீதம் காட்டுச்சு, தொட்டா சூடா இருந்துச்சா, உடனே திரும்ப ஆன் ஆச்சா?"

"கடைக்காரரே கண்டுபிடிக்கல மாமா, இதுல என்ன தெரியப் போகுது?" என்றாள். இருந்தாலும் எழுதினாள்.

பன்னிரண்டு நாளில் ஏழு முறை நின்றிருந்தது. ஏழும் வீட்டில். கல்லூரி நூலகத்தில் மணிக்கணக்காக ஓடியும் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஏழில் ஆறு முறை சார்ஜர் செருகியிருந்தது. பேட்டரி 40-லிருந்து 70 சதவீதம் வரை காட்டியது. சூடு அதிகம் இல்லை. ஒவ்வொரு முறையும் உடனே ஆன் ஆனது. தேர்வன்று என்ன நடந்தது என்று கேட்டேன். "கேள்வி சரியா தெரியலன்னு லேப்டாப்ப கிட்ட இழுத்தேன்" என்றாள்.

நூலகத்தில் மேசைமேல் வைத்தால் அசைவதே இல்லை. வீட்டில் கட்டிலில், மடியில், சாப்பாட்டு மேசையில் நகர்ந்துகொண்டே இருக்கும். சார்ஜரைச் செருகும் இடத்தை விரலால் இலேசாக அசைத்தேன். சார்ஜ் விளக்கு கண் சிமிட்டியது. செருகுவாய் தளர்ந்திருந்தது.

ஆனால் சார்ஜர் விட்டுப்போனால் பேட்டரி தாங்க வேண்டுமே? விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. எடுத்துப் பார்த்தோம். புதிதாக இருந்தபோது கொண்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இப்போது கொள்கிறது. இப்படித் தேய்ந்த பேட்டரி திரையில் 60 சதவீதம் என்று காட்டும். திடீரென்று முழுச் சுமையும் அதன்மேல் விழுந்தால் மின்னழுத்தம் சரிந்து, அப்படியே நின்றுவிடும். செருகுவாய் மட்டும் கெட்டிருந்தால் பேட்டரி காப்பாற்றியிருக்கும். பேட்டரி மட்டும் கெட்டிருந்தால் சார்ஜர் காப்பாற்றியிருக்கும். இரண்டும் சேர்ந்ததால்தான் இந்த அலைச்சல்.

அத்தான் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். கழற்றிய பழைய எஸ்எஸ்டியையும் ரேமையும் கடையில் கேட்டு வாங்கி வைத்திருந்தார். பழைய ரேமை இரவு முழுக்கச் சோதித்தேன், ஒரு பிழையும் இல்லை. எஸ்எஸ்டியும் ஆரோக்கியமாகவே இருந்தது. அதன் உள்பதிவில் "அன்சேஃப் ஷட்டவுன்ஸ்" என்று ஒரு கணக்கு இருக்கும். முறையாக மூடாமல் எத்தனை முறை மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று எஸ்எஸ்டி தானே எண்ணி வைப்பது அது. அந்த எண் 143 காட்டியது. விண்டோஸ் கெட்டதும் கோப்புகள் சிதைந்ததும் அதனால்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எந்த வட்டிலும் இதுதான் நடக்கும்.

செருகுவாய்க்கு 90 வெள்ளி, பேட்டரிக்கு 190 வெள்ளி. மாற்றி ஏழு மாதம் ஆகிறது, நிற்கவில்லை. அத்தான் மகளிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. 143 என்ற எண்ணை என்னிடம் இரண்டு முறை கேட்டார். மறுநாள் அவளுக்குப் படிக்க ஒரு மேசை வாங்கி வந்தார்.

ஏன் ஒவ்வொரு முறையும் சரியானதுபோல் இருந்தது?

அந்தக் கடைக்காரர் ஏமாற்றவில்லை. விண்டோஸ் உண்மையிலேயே கெட்டிருந்தது. கோப்புகளும் உண்மையிலேயே சிதைந்திருந்தன. அவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சரிசெய்தார். ஆனால் அவை விளைவுகள். கூரை ஒழுகி நனைந்த சுவருக்குத் திரும்பத் திரும்பச் சாயம் அடித்தது மாதிரி.

திரும்பத் திரும்பப் பழுதாகும் பொருளில் இது ஒரு வகை. இன்னொரு வகை உண்டு. மாற்றிப் போடுகிற பாகத்திலேயே அதே குறை இருப்பது. இதற்கு உலகறிந்த உதாரணம் 2008-இல் நடந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நிவிடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கான தன் சில கிராஃபிக்ஸ் சிப்புகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன என்று அறிவித்தது. செலவுக்கு 15 கோடியிலிருந்து 20 கோடி அமெரிக்க டாலர் வரை ஒதுக்குவதாகச் சொன்னது. சிப்பைப் பொதிந்த பொருள்களில் பலவீனம் இருந்தது. மடிக்கணினியைப் போடும்போது சிப் சூடாகி விரிகிறது, நிறுத்தினால் குளிர்ந்து சுருங்குகிறது. நாள்தோறும் இது நடக்க, சிப்புக்கு அடியிலுள்ள நுண்ணிய பற்றவைப்புப் புள்ளிகளில் விரிசல் விழுந்தது.

அந்த மாதிரி மடிக்கணினிகளின் மதர்போர்டைச் சூடாக்கி உயிர்கொடுக்கும் வித்தை உலகம் முழுக்கப் பரவியது. வீட்டு அவனில் வைத்து எடுத்தவர்களும் உண்டு. சூடு பட்டதும் விரிசல் விட்ட முனைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும், திரை வரும். சில வாரம் கழித்துப் பழையபடி இருண்டுவிடும். விரிசல் சிப்பின் பொதிக்குள்ளே இருக்கும்போது, வெளியிலிருந்து சூடாக்குவது சிகிச்சை ஆகாது. அதே வகைச் சிப் உள்ள வேறொரு போர்டைப் போட்டாலும் கதை திரும்ப வரும். குறிப்பிட்ட டெல், எச்பி, ஆப்பிள் மடிக்கணினிகளை வைத்திருந்தவர்களுக்காக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2010-இல் சமரசத்துக்கு வந்தது.

ஆப்பிள் 2015-இல் கொண்டு வந்த "பட்டர்ஃபிளை" விசைப்பலகையும் இந்த வகைதான். நுண்ணிய தூசு புகுந்தாலே சில எழுத்துகள் விழாது, சில எழுத்துகள் இரண்டு முறை விழும். மாற்றிக் கொடுத்தாலும் அதே வடிவமைப்பு என்பதால் மறுபடி கெடுகிறது என்பதே வாடிக்கையாளர்களின் புகார். 2018-இல் ஆப்பிள் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. 2022-இல் 5 கோடி டாலர் கொடுத்து வழக்கைச் சமரசம் செய்துகொண்டது. ஆகவே, ஒரே பாகம் இரண்டாவது முறை கெட்டால், உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, அந்தக் குறை மற்றவர்களுக்கும் இருக்கிறதா, நிறுவனம் ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்க வேண்டியதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது வகை, பழுது பார்த்ததாலேயே வருவது. திறந்து மூடியபோது விசிறியின் வயர் சரியாகச் செருகப்படவில்லை, சூடு கடத்தும் தகட்டின் ஒரு திருகு விட்டுப்போயிற்று, பழைய தெர்மல் பேஸ்ட்டை மாற்றாமல் அப்படியே வைத்து மூடிவிட்டார்கள். கடையிலிருந்து வந்த பிறகு புதிதாகத் தோன்றிய சத்தமோ சூடோ இருந்தால், பழைய குறையோடு சேர்க்காமல் தனியாகச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியவை

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வெளியே நகல் எடுப்பது. அதற்குப் பிறகுதான் மற்றது எல்லாம்.

நின்ற பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் திரும்ப ஆன் ஆகிறது என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். மெத்தைமேல் வைத்து அடிப்பக்கக் காற்றுத் துளைகளை அடைத்திருக்கிறோமா, விசிறியில் தூசு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் மதிய வெயிலில் ஏர்கோன் இல்லாத அறைக்கும் கடையின் மேசைக்கும் வித்தியாசம் உண்டு. உடனே ஆன் ஆகிறது என்றால் மின்சாரம் வரும் வழியை, அதாவது சார்ஜர், செருகுவாய், பேட்டரி ஆகியவற்றைப் பாருங்கள். சார்ஜரை மாற்றியிருந்தால், பழையதில் எழுதியிருந்த வாட் அளவு புதியதில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். 65 வாட் கேட்கிற மடிக்கணினிக்கு 45 வாட் சார்ஜர் போட்டால் சாதாரண நேரத்தில் ஓடும், சுமை கூடும்போது தடுமாறும்.

திரை மட்டும் இருண்டு, கேப்ஸ் லாக் விளக்கு அழுத்த அழுத்த எரிந்து அணைகிறதா? மடிக்கணினி உயிரோடுதான் இருக்கிறது. எச்டிஎம்ஐ வயரைத் தொலைக்காட்சியில் செருகிப் பாருங்கள். அங்கே படம் வந்தால் திரையையோ கீல் வழியாகப் போகும் கேபிளையோ பார்க்க வேண்டும். மூடியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திறக்கும்போது மட்டும் இருண்டால் கேபிள்மேல் சந்தேகம் வலுக்கும்.

நீலத் திரை வந்தால் அதிலுள்ள குறியீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் "ரிலையபிலிட்டி மானிட்டர்" என்று தேடினால், எந்த நாளில் என்ன கெட்டது என்று நாள்வாரியாகக் காட்டும். குறை விண்டோஸிலா, இயந்திரத்திலா என்று பிரிக்க, பென்டிரைவிலிருந்து லினக்ஸைப் போட்டு ஒரு மாலைப் பொழுது ஓட்டிப் பாருங்கள். அதிலும் நின்றால், விண்டோஸை மறுபடி போடுவதற்கு 80 வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சார்ஜரையும் ரேமையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஒன்றை மட்டும் சோதிக்கவே வேண்டாம். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிமூடி உப்பியிருந்தாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்தி மூடாதீர்கள், நேரே டெக்னீஷியனிடம் கொண்டு போங்கள்.

கடையில் என்ன கேட்பது?

"ஆன் ஆகவில்லை" என்பதற்குப் பதிலாக நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டுங்கள். "நகர்த்தும்போது நிற்கிறது, உடனே ஆன் ஆகிறது" என்று ஒரு வரி கொடுத்தால் டெக்னீஷியனின் அரை நாள் மிச்சம். எந்தச் சோதனையில் இந்தப் பாகம் கெட்டது என்று தெரிந்தது எனக் கேளுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் "சர்வீஸ்" என்று மட்டும் எழுதாமல், என்ன குறை, எந்தப் பாகம், எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு கடைக்குப் போக நேர்ந்தாலும் அந்த ரசீதுதான் கைகொடுக்கும்.

எதுவரை பழுது பார்ப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. கேட்கிற தொகை, அதே தரத்தில் ஒரு பழைய மடிக்கணினி விற்கிற விலையில் பாதியைத் தாண்டினால், காரணம் நிரூபணமாகும் வரை பணம் கொடுப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மில் பலர் பயன்படுத்தாத ஒரு வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சேவை செய்கிறவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. சரிசெய்யக் கூடிய குறையை விற்பனையாளர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்கவோ, வேறிடத்தில் சரிசெய்து செலவைக் கேட்கவோ உங்களுக்கு உரிமை உண்டு.

இதைக் கேட்கும் இடம் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாடுவதில்லை, நீங்களே பேசலாம். உங்கள் சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளாக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். எப்படி மனு எழுதுவது என்று தெரியாவிட்டால், 1969 முதல் இந்த மாநிலத்தில் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் "லெமன் சட்டம்" நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். ஜொகூர்ப் பாலம் தாண்டி மடிக்கணினி வாங்கி வருகிறவர்கள் அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மன்றமானாலும் கடையானாலும், கேட்கப் போகும் முதல் கேள்வி ஒன்றுதான்: எப்போது, எப்படி நின்றது? மடிக்கணினி தகராறு செய்யத் தொடங்கிய நாளிலேயே ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். முதல் பக்கத்தில் மாடல் எண், வாங்கிய தேதி, விலை. அடுத்த பக்கத்திலிருந்து நின்ற நேரங்கள். கடைசிப் பக்கத்தில் ரசீதுகளை ஒட்டிக்கொள்ளுங்கள்.